வரித்தசையும் வெள்ளிக்கிழமைச் சந்தனமும்

அறுபதுகளின் தொடக்கத்தில் ஆலங்குடிப் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியர். தகுதிகாண் பருவம் முடியும் மாதம். ஆய்வு அதிகாரி வந்து வகுப்பைப் பார்த்து எழுதினால்தான் வேலை நிரந்தரம். அன்றைய பாடம் தசை. வரித்தசை சிலைடு ஒன்று கேட்டு முறைப்படி விண்ணப்பம் மூன்று படிகள் அனுப்பியிருந்தேன். மூன்றும் முறைப்படி காணாமல் போயின.

அதனால் ஆய்வு நாளான வெள்ளிக்கிழமை காலை, ஆட்டுத் தொடைக்கறியில் ஒரு துணுக்கு வாங்கி, வேகவைத்து, ஊசியால் இழை இழையாகப் பிரித்து, சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தேன். ஒவ்வோர் இழையிலும் கறுப்பும் வெளுப்புமாகக் குறுக்குக் கோடுகள், அளவெடுத்துப் போட்டதுபோல. அப்படியே விட்டுவிட்டு அதிகாரியை வரவேற்க வாசலுக்குப் போனேன்.

வந்தவர் குனிந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.

“கோடு கோடா நல்லாத் தெரியுதே.”

அவர் நகர்ந்ததும் நான் பார்த்தேன். மஞ்சள் மூட்டம். கண் வைத்துப் பார்க்கும் மேல் வில்லை முழுக்கக் காய்ந்த சந்தனம்.

கதவோரம் நின்ற ஆய்வகப் பணியாளரிடம் போய் மெதுவாகக் கேட்டேன். என் அப்பா வயது அவருக்கு.

“வெள்ளிக்கிழமையும் அதுவுமா கறி பட்ட சாமான் சார். அப்படியே விட முடியுங்களா?”

“அதுக்குக் கண்ணாடியிலயா வைப்பாங்க?”

“நெத்தியிலதானே வைக்கணும். அதுக்கு உச்சி அதுதானுங்களே.”

அதிகாரியிடம் சொல்லியிருக்கலாம். வேலை வேண்டியிருந்தது, சொல்லவில்லை.

“சுருங்குறப்ப இந்தக் கோடெல்லாம் என்னாகும்?” என்றார் அதிகாரி.

இரண்டு கை விரல்களையும் கோத்துக் காட்டினேன். ஒவ்வோர் இழைக்குள்ளும் நுண்ணிழைகள்: கறுப்புப் பட்டையில் தடித்தவை. இருபக்கமிருந்தும் மெல்லியவை. தசை சுருங்கும்போது எந்த நுண்ணிழையும் குட்டையாவதில்லை. மெல்லியவை தடித்தவற்றின் இடையே நழுவி உள்ளே போகின்றன. கறுப்புப் பட்டை அப்படியே இருக்கும், வெளுப்புதான் குறுகும்.

அவர் பாடநூலைப் புரட்டினார்.

“இதுல இழை மடிஞ்சு குட்டையாகுதுன்னுல்ல போட்டிருக்கு?”

“அது பழசுங்க. இப்பப் புதுசாக் கண்டுபிடிச்சிருக்காங்க.”

“எங்க, ஆலங்குடியிலயா?”

திருச்சி நூலகத்தில் பத்திரிகையில் படித்ததைச் சொன்னேன். அவர் அதற்குள் எழுதத் தொடங்கியிருந்தார்.

உத்தரவு வந்தது. செய்முறை விளக்கம் மிகத் தெளிவு. பாடநூலுக்கு மாறாகப் போதிக்கிறார். தகுதிகாண் பருவம் ஆறு மாதம் நீட்டிக்கப்படுகிறது. மேல்முறையீட்டுக்கு வழி உண்டு, விதி எண்கூட எனக்கு மனப்பாடம். அந்த விதிப்படி மனுவை அதே அதிகாரி வழியாகத்தான் அனுப்ப வேண்டும்.

மறுநாள் கரும்பலகையில் எழுதினேன்: தசையிழை மடிந்து குட்டையாகிறது. வகுப்பு முழுவதும் தலை குனிந்து அதைப் பிழையில்லாமல் எழுதிக்கொண்டது.