வெட்டிய அட்டையின் வலப்பாதி

என் மேசையிலுள்ள இரட்டைக்கண் கெமராவை ஞாயிறுதோறும் காலையில் துடைப்பேன். மரப்பெட்டி, தோல் துருத்தி, முன்னால் மனிதக் கண்களின் இடைவெளியில் இரண்டு லென்ஸ்கள். ஒரே நொடியில் இரண்டும் ஆளுக்கொரு படம் பிடிக்கும். அவற்றை ஓர் அட்டையில் அருகருகே ஒட்டிப் பார்வைப்பெட்டிக்குள் வைத்தால், இடக்கண் ஒன்றையும் வலக்கண் மற்றதையும் பார்க்க, தட்டையான காட்சிக்கு ஆழம் வந்துவிடும். இத்தகைய கெமராக்களைத் தேடிச் சேர்ப்பதும் அவற்றின் வயதையும் மதிப்பையும் கணிப்பதும் பதுளையில் என் ஓய்வுகாலப் பழக்கம்.

இதை ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் முன்பு பெரிய கிளாக்கராக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்தவரின் வீட்டாரிடம் வாங்கினேன். மதிப்பிடுபவர்கள் முதலில் லென்ஸ் இரண்டும் ஒரே சோடியா என்று பார்ப்பார்கள். பிறகு, அதே கெமராவில் எடுத்த படம் உண்டா என்று கேட்பார்கள். படம் என் பெரியம்மாவின் தகரப்பெட்டியில் இருந்தது. தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தின் வாசலில் கொழுந்துக் கூடையோடு பெரியம்மாவும் அவருடைய தங்கையான என் சின்னம்மாவும் நிற்க, கிளாக்கர் எடுத்துக் கொடுத்தது. பின்னால் தெரிந்த தொழிற்சாலைக் கூரையின் புதுத் தகரத்தை வைத்துக் காலத்தைக் கணித்துவிட்டேன். ஆனால் இருந்தது இடப்பாதி மட்டுமே. ஓரம் கோணலாக வெட்டப்பட்டிருந்தது.

“என்ன பெரியம்மா, இப்படிப் பண்ணிட்டீங்க?”

“ரெண்டும் ஒரே படம்தானடா. தங்கச்சி இந்தியாவுக்குக் கப்பலேறப் போனா. தேயிலை கவ்வாத்து வெட்டுற கத்தியால அறுத்து ஆளுக்கொண்ணு வச்சிக்கிட்டோம். இதுக்குப் போயி தொரை மாதிரி மொறைக்கிறியே!”

வெட்டிய அட்டைக்கு மதிப்பில்லை என்றேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. மறுபாதி சேர்ந்தால் சின்னம்மா நேரில் நிற்பதுபோலத் தெரியும் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். கப்பலேறிய தங்கையை அவர் பிறகு பார்க்கவே இல்லை. சின்னம்மா கோத்தகிரியில் இறந்தும் போயிருந்தார்.

“நெசமாவா? அப்ப அவ மகனுக்கு எழுதிக் கேளு.”

எழுதினேன். நான் போகும்போதெல்லாம், “தபால் வந்துருச்சா?” என்பதே முதல் கேள்வி. வலப்பாதி வந்து சேர்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகாலுக்கு, நாட்குறிப்பில் இருக்கிறது. இரு பாதிகளையும் சேர்த்து முதலில் நான் பார்த்தேன். சின்னம்மாவின் கூடை முன்னே வந்தது. அவர் முதுகுக்கும் லயத்துச் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் நடந்துபோக இடம் விழுந்தது.

பெட்டியைப் பெரியம்மாவிடம் நீட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

“ஒரே படம்தான்டா தெரியுது. நான் அப்பவே சொன்னேன்ல?”

அவருடைய இடக்கண்ணில் பூ விழுந்து பார்வை போயிருந்தது. அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போன நாளைக்கூடக் குறித்துவைத்திருந்தவன் நான். அன்று அது நினைவுக்கு வரவில்லை. வலக்கண்ணால் மட்டும் பார்ப்பதால்தான் ஆழம் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு மன்னிப்புக் கேட்டேன்.

“அப்ப வலது பக்கம் உள்ளதுதான் எனக்குத் தெரியுதா? அது யாரோடது?”

“சின்னம்மா வச்சிருந்தது.”

மறுபடியும் பெட்டியைக் கண்ணோடு வைத்துக்கொண்டார். “அவ பாத்துக்கிட்டிருந்ததத்தான் நானும் பாக்குறேன்,” என்றார். “போதும்டா.”

பெரியம்மாவும் இப்போது இல்லை. அட்டை ஒட்டப்படாமல் இரு துண்டுகளாகவே கெமராவோடு இருக்கிறது. முன்பெல்லாம் இடப்பக்கத்து லென்ஸில் தொடங்கித் துடைப்பேன். இப்போது வலப்பக்கத்தில் தொடங்குகிறேன்.