தண்ணீர் ஊற்றிய கேக்

என் மகளின் நான்காவது பிறந்தநாள் கேக்கைத் தண்ணீர் ஊற்றிக் கெடுத்தவன் நான்தான். வேறு யார் மீதும் பழியைப் போட வழியில்லை, பதினைந்து பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆவணி மாதத்துச் சாயங்காலம். சிவகாசியில் அச்சகத்தில் வேலை பார்க்கும் என் மச்சினன் பேக்கரியில் கேக் வாங்கும்போது, பொன் நிறத் தாள் சுற்றிய குச்சி ஒன்றையும் சேர்த்து வாங்கி வந்திருந்தான். கடையில் அதை மெழுகுவத்தி என்றுதான் சொல்கிறார்கள். பற்றவைத்ததும் அது ஒரு சாண் உயரத்துக்குப் பொறி கக்கியது. என் மகள் கைகொட்டிச் சிரித்துக்கொண்டே அதை நோக்கிக் குனிந்தாள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அடுத்த கணம் மூலையில் இருந்த வாளி என் கையில் இருந்தது, வாளியில் இருந்த தண்ணீர் கேக்கின் மேல் இருந்தது. கரைந்த சாக்லேட் மேசையிலிருந்து ஒழுகி அவளுடைய புதுப் பாவாடையில் சொட்டிக்கொண்டிருந்தது. மச்சினன்தான் மெதுவாக, "மச்சான், அது கேக்கு" என்றான். அதன் பிறகுதான் அவள் அழ ஆரம்பித்தாள்.

விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் நான் போர்மேன். பட்டாசுக்குள் போகிற மருந்தைக் கலக்கும் அறைகள் என் பொறுப்பு. அறைக்குள் நுழையுமுன் வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டில் உள்ளங்கையை வைத்து, உடம்பில் சேர்ந்திருக்கும் மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் போக வேண்டும். செல்போனைக் கேட்டிலேயே கொடுத்துவிட வேண்டும். ஒவ்வொரு வாசலிலும் ஒரு தண்ணீர் வாளி, ஒரு மணல் வாளி. பொறி என்று ஒன்று கண்ணில் பட்டால் நின்று யோசிக்க நேரம் கிடையாது. உலோகப் பொடி எரியும்போது தண்ணீர் ஊற்றவே கூடாது என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவனும் நான்தான். அன்று அதுகூட எனக்கு நினைவில்லை. இந்த ஆலையில் நான் சேர்ந்த நாளிலிருந்து என் அறையில் ஒருவர் விரலில்கூடச் சூடு பட்டதில்லை. அதற்குக் காரணம் என் கெட்டிக்காரத்தனம் இல்லை, பயம். பயந்தவனுக்குத்தான் போர்மேன் வேலை என்று எங்கள் கம்பெனியில் விளையாட்டாகச் சொல்வார்கள். செல்போனைப் போல அந்தப் பயத்தையும் வேலை முடியும்போது கேட்டில் கொடுத்துவிட்டு வர முடிந்திருந்தால் என் வீட்டில் பாதிச் சண்டை நடந்திருக்காது.

அவள் பிறந்தபோதே என் பிழைப்பு சிரிப்பாகிப் போனது. விருதுநகர் ஆஸ்பத்திரியில் நர்சம்மா துணியில் சுற்றி அவளை நீட்டினார். நான் கையை நீட்டாமல், பக்கத்தில் இருந்த இரும்புக் கட்டிலின் சட்டத்தில் இரண்டு உள்ளங்கைகளையும் அழுத்தி வைத்தேன். எதற்கு வைத்தேன் என்று எனக்கே அப்போது தெரியவில்லை. "பிள்ளைய வாங்குங்க. கட்டிலத் தடவிக்கிட்டு நிக்கீக?" என்று நர்சம்மா அதட்டினார். படுத்திருந்த என் மனைவிக்குக் காரணம் புரிந்துவிட்டது. தையல் வலியோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு குறைந்துவிட்டது. அடுப்படியில் ஒரு வாளி, சாமி விளக்குக்குப் பக்கத்தில் ஒரு வாளி, கூடத்து மூலையில் ஒரு வாளி என்று நான் வைத்துக்கொண்டே போனேன். "வீட்டுக்குள்ள எதுக்கு இம்புட்டு வாளி? பிள்ள தவழுற எடத்துல இது ஒண்ணு" என்று அவள் நகர்த்தி வைப்பாள். நான் திரும்ப இழுத்து வைப்பேன்.

கேக் கெட்டுப்போன மறுநாள் காலையில் மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அழுததில் கண் இன்னும் வீங்கியிருந்தது. "கேக்கு வெடிச்சிருமாப்பா?" என்று கேட்டாள். "இல்லத்தா, கேக்கு எங்கயாச்சும் வெடிக்குமா?" என்றேன். அதோடு நான் வாயை மூடியிருக்க வேண்டும். "ஆனா தீன்னா நாம சாக்கிரதையா இருக்கணும்ல" என்று சேர்த்துச் சொன்னேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். நல்ல பிள்ளை, சொன்ன பேச்சைக் கேட்கிறது என்று நான் உள்ளுக்குள் மகிழ்ந்தேன். என் முட்டாள்தனத்துக்கு வேறு சாட்சி தேவையில்லை.

அடுத்த வருடம் பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார்கள். சீசன் நேரம், லோடு போகிற நாள், இருந்தாலும் அரைநாள் கேட்டுக்கொண்டு மனைவியோடு போனேன். அவளுடைய மிஸ் சின்னப் பெண். சிரித்துக்கொண்டே சொன்னார்: வகுப்பில் ஒரு பையனுக்குப் பிறந்தநாள், அவன் அம்மா கேக்கில் மெழுகுவத்தி ஏற்றினார், பிள்ளைகள் பாடத் தொடங்குமுன் என் மகள் எழுந்து போய் வாட்டர் பாட்டிலைத் திறந்து அதன் மேல் ஊற்றிவிட்டாள். "நல்ல வேள, ஓரத்துலதான் ஊத்துனா" என்றார். என் மனைவியும் சிரித்தாள். "இன்னொண்ணு சார், கிளாசுக்குள்ள வரும்போதெல்லாம் செவத்துல கைய வச்சு எடுத்துட்டுத்தான் வாரா. சாமி கும்பிடுறாளா?" என்று கேட்டார். அவளை ஒருநாளும் நான் ஆலைக்குக் கூட்டிப்போனதில்லை. வீட்டு வாசல் நிலையைத் தொட்டுவிட்டு நான் உள்ளே வருவதைப் பார்த்துக் கற்றிருக்கிறாள். என் வேலை அவளுக்கு வேண்டாம், அவள் படித்து வேறு எங்காவது போக வேண்டும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். வேலையைக் கொடுக்காமல் அதன் பயத்தை மட்டும் கொடுத்துவிட்டேனே என்று அன்று முழுக்க மனசு ஒரு நிலையில் இல்லை. திரும்பும் வழியில் மனைவி ஏதேதோ பேசிக்கொண்டு வந்தாள். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை.

அதைச் சரிசெய்யக் கிளம்பினேன். சும்மா இருந்திருக்கலாம். ஆறாவது பிறந்தநாளுக்குப் பத்து நாள் இருக்கும்போதே சாதாரண மெழுகுவத்திகளாகப் பார்த்து வாங்கி வந்து, தினமும் ஒன்றை ஏற்றி அவளை ஊதச் சொன்னேன். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சிரித்த முகத்தோடுதான் நின்றேன், அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் மெழுகுவத்தியைப் பார்க்கவே இல்லை. என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறந்தநாளன்று தெருப் பிள்ளைகள் கூடி நிற்க, ஏற்றாத மெழுகுவத்தியைக் கேக்கில் குத்தி வைத்து அப்படியே வெட்டினாள். ஒரு பெண்பிள்ளை, "ஏன் ஏத்தல?" என்று கேட்டது. "எங்க வீட்ல ஏத்த மாட்டோம்" என்றாள், எங்கள் வீட்டில் கறி சமைக்க மாட்டோம் என்று சிலர் சொல்வதைப்போல. எனக்குத் துண்டு ஊட்ட வந்தபோது அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது.

ஏழாவது பிறந்தநாள், போன வருடம். நான் ஒன்றும் செய்யக் கூடாது என்று மனைவி முன்கூட்டியே சொல்லிவிட்டாள். சாயங்காலம் குளித்து, வேட்டி மாற்றிக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். பிள்ளைகள் வந்துவிட்டார்கள். மச்சினன் கேக்கை மேசையில் வைத்தான். மகள் நேராக என்னிடம் வந்து என் கையைப் பிடித்து வாசல்வரை இழுத்துக்கொண்டு போனாள்.

"அப்பா, நீங்க இங்கன வெளிய நில்லுங்க."

"ஏன்த்தா?"

"நா இன்னிக்கு மெழுகுவத்தி ஏத்தப் போறேன்."

"அப்ப நானும் பாக்கணும்ல?"

"எனக்குத் தீயப் பாத்தா பயமில்லப்பா. ஒங்க மொகத்தப் பாத்தாத்தான் பயமா இருக்கு." சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. பெற்ற பிள்ளை பிறந்தநாளுக்கு அப்பனைத் தெருவில் நிறுத்துவதா? கதவைத் தள்ளிக்கொண்டு போகக் காலை எடுத்தேன், வைத்துவிட்டேன். வாசலில் அங்கும் இங்கும் நடந்தேன். எதிர்வீட்டுக்காரர், "என்ன போர்மேன், உள்ள பொறந்தநாளு, நீங்க இங்கன நிக்கீக?" என்று கேட்டார். "காத்து வாங்குதேன் அண்ணாச்சி" என்றேன். இலைகூட அசையாத புழுக்கம். உள்ளே தீக்குச்சி உரசுகிற சத்தம் கேட்டது. முதல் உரசலில் பற்றவில்லை. இரண்டாவது உரசல். பிறகு ஒரு சத்தமும் இல்லை. என் கை வாளியைத் தேடியது, வாசலில் எப்போதும் இருக்கும் வாளி இல்லை, யாரோ யோசித்து எடுத்து வைத்திருக்கிறார்கள். அந்தச் சில நொடிகளில் நான் பட்ட பாட்டை மருந்து அறையில் ஒருநாளும் பட்டதில்லை. அப்புறம் எல்லோரும் சேர்ந்து பாடினார்கள், கைதட்டினார்கள். நான் வேட்டி முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். கதவைத் திறந்துகொண்டு அவள் கேக்கோடு வந்தாள். விரலில் கரி இருந்தது. "முடிஞ்சிருச்சுப்பா, வாங்க" என்று ஊட்டிவிட்டாள்.

நாளைக்கு அவளுக்கு எட்டு முடிகிறது. நேற்றுச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "இந்த வருசம் நீங்க உள்ளயே நிக்கலாம்ப்பா" என்றாள். "ஆனா மொகத்த நல்லா வச்சிக்கிடணும். முடியலன்னா சொல்லுங்க, வெளிய நில்லுங்க, கேக்கு கொண்டாரேன்" என்று அவளே ஒரு வழியும் சொன்னாள். இன்று காலை வேலைக்குக் கிளம்புமுன் கண்ணாடி முன்னால் நின்று, எதிரே தீ எரிகிறதாக நினைத்துக்கொண்டு சிரித்துப் பார்த்தேன். புருவம் தானாக ஏறிக்கொள்கிறது. தாடை இறுகிவிடுகிறது. இறக்கி வைத்துவிட்டு மறுபடியும் சிரித்தேன். பின்னால் பள்ளிச் சீருடையில், ஒரு பக்கம் மட்டும் சடை பின்னிய தலையோடு அவள் நிற்பது கண்ணாடியில் தெரிந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. அவள் சிரிக்கவில்லை. கவனமாகப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"இன்னும் கொஞ்சம்ப்பா."