காக்கிச் சட்டைக்காரரிடம் ஒரு சாவி

போன செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டில் மூன்று பேரும் ஒரு போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். என் மகள் தாரிணியின் போன். அவள் தட்டில் வைத்த தோசை விறைத்துப்போய் அப்பளம் ஆகிவிட்டது.

அவள் இன்டர்ன்ஷிப் செய்யும் இடத்திலிருந்து வந்திருந்த செய்தி இவ்வளவுதான்: 'ஏழாம் பக்கம் பற்றிப் பேச வேண்டும். ஹனான் சாயங்காலம் கூப்பிடுவார். அதுவரை எதையும் பிரஸ்ஸுக்கு அனுப்பாதே.'

இப்படி ஒரு செய்தியை அனுப்பிவிட்டு மனிதர்களால் எப்படித்தான் நிம்மதியாகச் சாப்பிட முடிகிறதோ! பேச வேண்டும் என்றால், என்ன பேச வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லித் தொலைத்தால் என்ன?

என்னை வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும் - கவலைப்படுவதில் எனக்கு நிகர் நான்தான். கேஸை அணைத்தேனா என்று சந்தேகம் வந்து, ஹௌரா ஸ்டேஷன் வாசல்வரை போய்விட்டு டாக்ஸியைத் திருப்பிய குடும்பம் எங்களுடையது. கேஸ் அணைந்துதான் இருந்தது. ரயில்தான் போய்விட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். தாரிணி டிசைன் படிக்கிறாள். கடைசி வருடம். இங்கே லேக் கார்டன்ஸ் பகுதியில் ஒரு வீட்டு மாடியில் இயங்கும் சின்ன ஸ்டூடியோவில் இன்டர்ன்ஷிப். அங்கே என்ன வேலை தெரியுமா? போரில் ஊரைவிட்டு ஓடிவந்து முகாம்களில் இருக்கும் குழந்தைகளுக்கு, ஒரு தொண்டு நிறுவனத்துக்காக, அரபியில் பாடப்புத்தகம் தயாரிப்பது.

அரபியில்! இவளுக்குத் தமிழே தகராறு. வங்காளம் தண்ணீர் பட்ட பாடு. எதற்கெடுத்தாலும் 'தூர்!' என்பாள். நம் 'அட போம்மா'வுக்கு வங்காளத்துக்காரர்கள் வைத்திருக்கும் சொல். அரபியில் ஓர் எழுத்துகூடத் தெரியாது.

தெரியவும் வேண்டாமாம். முகாம் பள்ளியில் டீச்சராக இருக்கும் ஹனான் வாக்கியங்களை ஆங்கில அர்த்தத்தோடு எழுதி அனுப்புவார். அதைப் பக்கத்தில் அழகாக அமைத்து, பொருத்தமான படம் வரைவது இவள் வேலை. ஆனாலும் எனக்கு முதல் நாளிலிருந்தே பயம்தான். கம்ப்யூட்டரில் ஒட்டியவுடன் அந்த எழுத்துகள் கைகோத்து நிற்காமல் தனித்தனியாகப் பிரிந்து, போதாக்குறைக்கு வலமிருந்து இடமாக ஓடுவதற்குப் பதில் இடமிருந்து வலமாகத் திரும்பிவிட்டன. ஹனான் பார்த்துச் சொன்ன பிறகுதான் சரிசெய்தாள். அன்றிலிருந்து மூன்று பேரும் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தோம். ஒன்றும் புரியாமல், புள்ளி புள்ளியாக. என் கணவர் பூதக்கண்ணாடிகூட வாங்கி வந்தார்.

படங்களைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. படத்துக்கு என்ன பாஷை? பார்த்தால் புரியப்போகிறது!

அந்தப் பாடத்தின் பெயர் 'புது ஊர்'. 'நாங்கள் எங்கள் வீட்டைவிட்டு வந்தோம்' என்று தொடங்கி, 'எனக்கு ஒரு புதுத் தோழி கிடைத்தாள்' என்று முடியும். வாக்கியங்களைப் படித்ததும் தாரிணி துள்ளிக் குதித்தாள்.

"மா, இது என் கதைம்மா! நம்மதான் எத்தன ஊரு மாறியிருக்கோம்!"

வாஸ்தவம்தான். என் கணவர் மத்திய அரசு வேலையில் இருக்கிறார். விசாகப்பட்டினத்தில் பிறந்தாள், நாக்பூரில் பல் விழுந்து முளைத்தது, மீதி வளர்ச்சியெல்லாம் இந்த அலிப்பூர் குவார்ட்டர்ஸில். 'நாங்களெல்லாம் மத்திய அரசு அகதிகள்' என்று நானே எத்தனையோ முறை ஜோக் அடித்திருக்கிறேன். எல்லோரும் சிரிப்பார்கள்.

ஆகவே எங்கள் நாக்பூர் கதையையே வரைந்தாள். லாரி. கட்டிய மூட்டைகள். மூட்டைகளை எண்ணி எண்ணித் தப்புவிடும் ஓர் அம்மா - அது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஏழாம் பக்கத்தில், அப்பா சிரித்தபடி வீட்டுச் சாவியைக் குவார்ட்டர்ஸ் கேர்டேக்கரிடம் ஒப்படைக்கிறார். காக்கிச் சட்டை, பெரிய மீசை. அச்சு அசலாக எங்கள் பழைய கேர்டேக்கரேதான். பார்த்ததும் என் கணவர், "ஏ, நம்ம பாட்டீல் மாதிரியே இருக்கே!" என்று பூரித்துப்போனார்.

அந்த ஏழாம் பக்கத்தைப் பற்றித்தான் இப்போது பேச வேண்டுமாம்.

"ஏட்டி, எழுத்து ஏதும் பிரிஞ்சிருக்குமோ?" என்றேன்.

"மா, இதையே காலைல இருந்து கேக்குற. தூர்!"

"அரண்டவன் கண்ணுக்கு..." என்று அவர் ஆரம்பித்தார். முறைத்தேன். வாக்கியத்தை முடிக்காமல் பூதக்கண்ணாடியைத் தேடப் போய்விட்டார்.

புத்தகத்தையே நிறுத்திவிடுவார்களோ? இவளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ? ஏதாவது கெட்ட வார்த்தையாக அச்சாகி... நினைக்க நினைக்க எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தாரிணியோ நகத்தைக் கடிப்பதை நிறுத்தி, விரலையே கடிக்க ஆரம்பித்திருந்தாள்.

சாயங்காலம் ஹனான் லேப்டாப்பில் வந்தார். கண்டிப்பான ஒரு தலைமையாசிரியையை எதிர்பார்த்திருந்தேன். வந்ததோ முப்பதைக்கூடத் தாண்டாத பெண். பின்னால் பிள்ளைகளின் இரைச்சல். அவரும் அங்கே அகதியாக வந்தவர்தானாம். ஆங்கிலத்தில் பேசினார். கேமராவுக்குள் விழாத தூரத்தில், கதவோரம் நானும் என் கணவரும்.

"முதலில், படங்கள் ரொம்ப அழகாக இருக்கின்றன" என்றார் ஹனான்.

இந்த 'முதலில்' இருக்கிறதே... அதற்குப் பிறகு நல்ல செய்தி வந்து நான் பார்த்ததில்லை.

பக்கங்களைப் பிரின்ட் எடுத்து வகுப்பில் கொடுத்துப் பார்த்தாராம். லாரியைப் பார்த்து ஒரே கும்மாளம். மூட்டைகளை எண்ணும் அம்மாவைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். ஏழாம் பக்கம் திருப்பியதும் சிரிப்பு நின்றுவிட்டது.

'இவர் ஏன் வீட்டுச் சாவியைச் சிப்பாயிடம் கொடுக்கிறார்?' என்று ஒரு பிள்ளை கேட்டது.

'கொடுக்கவில்லை, பிடுங்குகிறார்கள்' என்றது இன்னொன்று.

'அப்படியென்றால் ஏன் சிரிக்கிறார்?'

ஹனான் வாயைத் திறப்பதற்குள் ஒரு சின்னப் பெண் எழுந்து வகுப்பைவிட்டு ஓடிவிட்டாள். பெயர் ஸல்மா. தேடிப் போனால், தன் குடும்பம் தங்கியிருக்கும் கூடாரத்தில், அம்மாவின் பையைக் கவிழ்த்துத் துழாவிக்கொண்டிருந்தாளாம். அவர்கள் பூட்டிவிட்டு வந்த வீட்டின் சாவி அந்தப் பையில் இருந்தது. அது இன்னும் அங்கே இருக்கிறதா என்று பார்க்கத்தான் ஓடியிருக்கிறாள்.

"இருந்தது" என்றார் ஹனான். "பார்த்துவிட்டுத் திரும்ப வந்து உட்கார்ந்துவிட்டாள். ஆனால் அதற்குப் பிறகு படிக்கவில்லை."

கேஸுக்காக டாக்ஸியைத் திருப்பியவள் நான். திரும்பிப் போய்ப் பார்க்க எனக்கு ஒரு வீடு இருந்தது. அந்தக் குழந்தைக்குத் திரும்பிப் பார்க்கக் கிடைத்தது சாவி மட்டும்.

தாரிணி அழுதேவிட்டாள். "நான் அவள பயமுறுத்திட்டேன்" என்று என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னாள். பிறகுதான் நினைவு வந்து ஆங்கிலத்தில் ஹனானிடம் மன்னிப்புக் கேட்டாள். இங்கே வீடு மாறினால் சாவியை ஒப்படைப்பதுதான் வழக்கம், ஒப்படைக்காவிட்டால்தான் ஆபீஸில் வம்பு, கேர்டேக்கர் ரொம்ப நல்லவர், டாஃபி எல்லாம் தருவார்... மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனாள்.

"நானும்தான் படத்தைப் பார்த்தேன். அவரை லாரி டிரைவர் என்று நினைத்துவிட்டேன்" என்றார் ஹனான். எவ்வளவு பெருந்தன்மை!

"ஸல்மாவோட வீடு... இப்போ இருக்கா?" என்று கேட்டாள் தாரிணி.

"தெரியாது. போய்ப் பார்த்தவர்கள் யாரும் இல்லை."

"உங்க வீட்டுச் சாவி?"

"அண்ணனிடம் இருக்கிறது. யார் வைத்துக்கொள்வது என்று பெரிய சண்டை. நான் தோற்றுவிட்டேன்" என்று சிரித்தார் ஹனான். எங்களால் சிரிக்க முடியவில்லை.

அன்றைக்கே படத்தை மாற்றினாள். காக்கிச் சட்டைக்காரர் போய்விட்டார். சாவி, படத்தில் இருக்கும் சிறுமியின் கையில். உள்ளங்கையைவிடச் சாவி பெரிதாக இருந்தது. "இவ்வளவு பெருசாவா?" என்று கேட்கப்போன என் கணவரைக் கண்ணாலேயே அடக்கினேன். படத்தை அனுப்பிவிட்டு மறுபடியும் காத்திருந்தோம். இந்த முறை இன்டர்ன்ஷிப் என்ன ஆகும் என்ற எண்ணமே யாருக்கும் வரவில்லை. ஸல்மா என்ன சொல்லப்போகிறாள்? அது ஒன்றுதான். முன்பின் பார்த்திராத ஒரு குழந்தையின் முகம் கோணிவிடக் கூடாதே என்று ஒரு குடும்பமே உட்கார்ந்து பயப்பட முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

மறுநாள் மத்தியானம் பதில் வந்தது. ஸல்மா படத்தை வெகுநேரம் பார்த்தாளாம். ஒரே ஒரு குறை சொன்னாளாம்.

'சாவியில் கயிறு இல்லை. தொலைந்துவிடும்.'

தாரிணி ஓடிப்போய்க் கயிறு வரைந்தாள். சிவப்புக் கயிறு. கழுத்தில் மாட்டி, முடிச்சும் போட்டு. அதற்குப் பிறகுதான் பக்கம் பிரஸ்ஸுக்குப் போனது. அன்று ராத்திரி தட்டைக் காலி செய்துவிட்டு எழுந்தாள்.

கை கழுவிவிட்டு வந்து ஒரு கேள்வி கேட்டாள். "மா, நாம இருந்த வீட்டுச் சாவி ஒண்ணாவது நம்மகிட்ட இருக்கா?"

பீரோ, டிரங்குப் பெட்டி எல்லாவற்றையும் குடைந்தேன். சூட்கேஸ் சாவிகள்தான் கிடைத்தன. விசாகப்பட்டினம், நாக்பூர்... எதுவும் இல்லை. டூப்ளிகேட்டையும் சேர்த்து ஒப்படைத்து, கையெழுத்தும் வாங்கிக்கொண்டல்லவா வந்தோம்! ஒரு தடவைகூட அந்தச் சாவிகளை நினைத்து நான் தூக்கம் கெட்டதில்லை. ஏன் கெட வேண்டும்? அடுத்த ஊரில் அடுத்த சாவியோடு ஒருவர் காத்திருப்பார். சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுக்க முடிகிறது என்றால், அடுத்த வீடு நிச்சயம் என்று அர்த்தம். அந்தப் பிள்ளைகள் கேட்ட கேள்விக்குப் பதில் அதுதான்.

அவருக்கு மறுபடியும் ட்ரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்தாகிவிட்டது. அடுத்த மாதம் இந்த அலிப்பூர் சாவியையும் ஒப்படைக்க வேண்டும். அந்த 'மத்திய அரசு அகதிகள்' ஜோக்கை மட்டும் இங்கேயே விட்டுவிட்டுப் போகிறேன்.

புது குவார்ட்டர்ஸில் சமையலறை ரொம்பச் சின்னதாம். இருந்துவிட்டுப் போகட்டும்.