கரண்டியால் ஒரு தட்டு

தெரு விழா விருந்துக்குப் பிளாஸ்டிக் கவர் கிடையாது, பாத்திரம் கொண்டுவந்தால்தான் பிரியாணி என்று திண்டுக்கல்லில் எங்கள் தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தேன். யார் வருவார்கள் என்ற பயம் வேறு. ஆனால் வரிசை பந்தலைத் தாண்டி நின்றது. தூக்குவாளி, குக்கர், இட்லிப் பானை எல்லாம் வந்தன. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

சமைத்தவர் வெள்ளைத் தாடி வைத்த பாய். ஒவ்வொரு பாத்திரத்தையும் கரண்டியால் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்ட பிறகே அள்ளிப் போட்டார்.

"இது மூணு பேருக்குக் காணும்" என்பார். அளவு தப்பியதே இல்லை.

கடைசியில் நான் வெறுங்கையோடு போய் நின்றேன்.

"ஊருக்கெல்லாம் சொன்னீகளே சார், ஒங்க சட்டி எங்க?"

வரிசையே சிரித்தது. தன் சாப்பாட்டு டப்பாவைக் கழுவி, அதில் போட்டுத் தந்தார்.

இரவல் பாத்திரத்தை வெறுமையாகவா திருப்பித் தருவது? மறுநாள் பாயசம் நிரப்பிக் கொண்டுபோனேன். மூடியைத் திறக்காமலே தட்டினார்.

"ரெண்டு வாய் கொறையுதே. வழியில குடிச்சீகளா?"

குடித்திருந்தேன், யாருமில்லாத சந்தில் நின்று.

அன்றிலிருந்து எங்கள் வீட்டு டப்பாக்களை நானும் தட்டிக் கேட்கிறேன். எனக்கு டங் என்றுதான் கேட்கிறது.