ஹட்டனில் விழப் பழகியவள்

வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்குக் கொழும்பு புறக்கோட்டையில் ஹட்டன் பஸ் ஏறினேன். நூற்று முப்பது கிலோமீட்டர் இருக்கும். அவிசாவளை வரை மேல்சட்டை ஒட்டிக்கொள்ளும் புழுக்கம். பொல்பிட்டிய மின்நிலையத்தைத் தாண்டிக் கினிகத்தேனை ஏற்றம் பிடித்ததும் ஜன்னலைச் சாத்தச் சொல்லிக் கத்த வேண்டியிருந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மரக்கறி வியாபாரி, "இதுக்கே குளிருதுங்களா? இன்னும் மேல போகணுமே" என்று சிரித்தார். எனக்குக் குளிர் என்றாலே ஆகாது. அப்புறம் ஏன் போனாய் என்றால், புஷ்பாவுக்காக.

புஷ்பா என் கணவரின் தம்பி மனைவி. ஹட்டனிலிருந்து டிக்கோயாப் பக்கம் போகிற பாதையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். போன வருஷம் மலையில் குளவி கலைந்து, ஓடும்போது சறுக்கி விழுந்து தோள் எலும்பை முறித்துக்கொண்டாள். எலும்பு கூடிவிட்டது. பயம்தான் கூடவே தங்கிவிட்டது. சரிவைப் பார்த்தால் கால் அசைய மாட்டேன் என்கிறதாம். அதனால் தவறணையில், அதாவது தேயிலைக் கன்று வளர்க்கும் மேடையில், இவ்வளவு நாளும் வேலை கொடுத்திருந்தார்கள். அந்த வேலை முடிந்துவிட்டது. திங்கட்கிழமை அவள் மலைக்குப் போக வேண்டும். முடியாவிட்டால் இரண்டு பெண் பிள்ளைகளையும் விட்டுவிட்டுக் கொழும்புக்கு வீட்டு வேலைக்கு வர வேண்டும். நானே ஒரு வீட்டைப் பார்த்து, அந்த அம்மாவிடம் சொல்லியும் வைத்திருந்தேன்.

"அதுக்கு முன்னாடி ஏதாச்சும் சண்டை பழகிப் பாக்குறேங்க்கா" என்று போனில் சொன்னாள். சண்டை பழகியவர்களுக்குப் பயம் வராது என்பது அவள் கணக்கு. எதைப் பழகுவது என்று தெரியவில்லை, கூட வந்து பாருங்கள் என்றாள். எனக்குத் தெரிந்த சண்டையெல்லாம் என் தையல் கடையில் சொன்ன நாளில் சட்டை கொடுக்காவிட்டால் வருகிற சண்டைதான். ஆனாலும் கிளம்பிவிட்டேன்.

சனிக்கிழமை விடிந்ததும் முதலில் பார்த்தது சிலம்பம். தோட்டத்து விளையாட்டு மைதானத்திலேயே நடக்கிறது. சொல்லிக் கொடுப்பவர் ரமேஷ், லொறி ஓட்டுகிற இளைஞர். பதினைந்து பேர், பாதிக்கு மேல் பெண்கள். மூடுபனிக்குள் ஆள் தெரியவில்லை, கம்பு காற்றைக் கிழிக்கிற சத்தம்தான் முதலில் கேட்டது. கிட்டப் போய்ப் பார்த்தேன். ஒரு பெண் இரண்டு கையிலும் கம்பைச் சுழற்றிக்கொண்டே முழங்காலில் இறங்கி எழுந்தாள். அம்மாடியோ என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அப்படி ஒரு அழகு. புஷ்பாவும் ரசித்துத்தான் பார்த்தாள்.

முடிந்ததும் ரமேஷிடம் கேட்டாள்: "தம்பி, விழுந்துட்டா என்னா பண்ணுவீங்க?"

"கால் வரிசை சரியா இருந்தா விழ மாட்டீங்க அக்கா."

"இருந்தும் விழுந்துட்டா?"

அவர் தலையைச் சொறிந்தார். "அத நாங்க தனியா பழகுறதில்லையே" என்றார். பொய் சொல்லாத மனிதர், எனக்குப் பிடித்துப்போனது.

அடுத்தது கராத்தே, நுவரெலியாவில். ஹட்டனிலிருந்து தலவாக்கலை, நானுஓயா வழியாக நாற்பது கிலோமீட்டருக்கு மேல். அங்கே ஒரு நல்ல வகுப்பு இருப்பதாக என் கடைக்கு வருகிற ஒருத்தி சொல்லியிருந்தாள். உண்மையைச் சொன்னால், எனக்கு நுவரெலியா பார்க்கிற ஆசையும் இருந்தது. ஆசைக்குத் தண்டனை கிடைத்தது. பஸ் நிலையத்தில் இறங்கியபோது மழை சாய்வாக அடித்தது. ஐம்பது ரூபாய்க்குப் பால் போடாத பிளேன்டீ ஒன்று வாங்கி, குடிப்பதை விட்டுக் கையைச் சூடாக்கிக்கொண்டு நின்றேன். புஷ்பா ஒரு மெல்லிய சுவெட்டரோடு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

பாடசாலை மண்டபம் ஒன்றில் வகுப்பு. வெள்ளை உடுப்பில் நாற்பது பேர் ஒரே நேரத்தில் காலெடுத்து வைத்தார்கள். ஒரே குரலில் கத்தினார்கள், கூரைத் தகரம் அதிர்ந்தது. தைக்கிறவள் கண்ணுக்கு அந்த உடுப்புகளின் தையலே வேறு ரகம். தோளில் இரட்டைத் தையல் போட்டிருந்தார்கள். இதுதான் சரி என்று நான் அங்கேயே முடிவு கட்டிவிட்டேன். ஆசிரியர் நரைத்த மீசைக்காரர், மரியாதையாகப் பேசினார். பயம் போக எவ்வளவு நாளாகும் என்று புஷ்பா கேட்டாள்.

"பயம் போகாதும்மா. பயத்தோட அசையாம நிக்கப் பழகலாம்" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் அவளிடம் நான் கராத்தேக்காக வக்கீல் மாதிரி வாதாடினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "நிக்கத்தான் எனக்கு நல்லா வருதேக்கா. மலையப் பாத்தா நிண்ட எடத்துலயே நிண்டுருவேன்."

எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு தூரம் வந்து இதுவும் வேண்டாம், அதுவும் வேண்டாம் என்றால் எப்படி? பஸ் தலவாக்கலையில் நின்றது. அங்கே அவள் வாங்கித் தந்த சூடான வடையைத் தின்ற பிறகு கோபம் இறங்கிவிட்டது.

ஞாயிறு காலை ஒன்பதுக்கு ஹட்டன். ஜூடோ என்ற பெயரை நான் கேள்விப்பட்டதோடு சரி. கடைவீதிக்குப் பின்னால், ஒரு பலசரக்குக் கடையின் மாடியில் மெத்தை விரித்து வைத்திருந்தார்கள். ஆசிரியை சந்திராணி மிஸ், குட்டையான, உறுதியான பெண். சிங்களத்தில்தான் பேசினார். புஷ்பாவுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. தோள் முறிந்த கதையைச் சொன்னதும் மிஸ் முதலில் அதைத் தடவிப் பார்த்து, கையை மேலும் கீழும் அசைக்கச் சொல்லி, டொக்டர் என்ன சொன்னார் என்றும் விசாரித்தார். பிறகு, இங்கே முதல் மாதம் முழுக்க விழத்தான் பழக வேண்டும், அதற்கப்புறம்தான் மற்றதெல்லாம் என்றார். புஷ்பா என்னைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டு நாளில் அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் பார்க்கவில்லை.

மெத்தையில் குந்தி உட்கார்ந்து பின்னால் சாய வேண்டும். தாடையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, முதுகு படும்போது இரண்டு கைகளாலும் பக்கத்தில் ஓங்கி அடிக்க வேண்டும். அவ்வளவுதான். மற்றவர்கள் படார் படார் என்று விழுந்து எழுந்தார்கள். புஷ்பா சாயவே இல்லை. குந்தியபடியே இருந்தாள், வியர்த்துக் கொட்டியது. மிஸ் அவசரப்படுத்தாமல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். கடைசியில் புஷ்பா கண்ணை இறுக மூடிக்கொண்டு சாய்ந்தாள்.

விழுந்தாள், ஆனால் கைகள் மெத்தைக்கு வரவில்லை. இரண்டும் தலைக்கு மேலே போய் எதையோ இறுகப் பிடித்தன. மறுபடி சாய்ந்தாள், மறுபடியும் அதே. மூன்றாம் தடவை மிஸ் அவள் மூடிய விரல்களைத் தொட்டு, எதைப் பிடித்திருக்கிறாய் என்று கேட்டார்.

புஷ்பா தன் கையைத் தானே பார்த்தாள். "கூடக் கயிறு" என்றாள் தமிழிலேயே.

கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டித்தான் முதுகில் தொங்கவிடுவார்கள். சறுக்கினால் கை தானாக அந்தக் கயிற்றுக்குப் போகும், கொழுந்து கொட்டிவிடக் கூடாதே என்று. அன்றைக்கு மலையில் உருண்டபோதும் அவள் கயிற்றை விடவில்லை. கூடை தப்பித்தது, தோள் உடைந்தது. கேட்ட எனக்குக் கண் கலங்கிவிட்டது. அரைக் கூடை இலைக்காக எலும்பைக் கொடுத்திருக்கிறாள், பைத்தியக்காரி.

தோட்டத்திலிருந்து வருகிற பெண்கள் பாதிப் பேர் முதல் நாள் இப்படித்தான் விழுகிறார்கள் என்றார் மிஸ். பிறகு புஷ்பாவின் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து மெத்தையில் வைத்து அழுத்தினார். கூடையை விடு, கையைக் கீழே கொண்டு வா. அன்று மத்தியானம் வரை இதுதான் நடந்தது. பன்னிரண்டு மணிவாக்கில் மாடி அதிர ஒரு அடி கேட்டது. கீழேயிருந்து கடைக்காரர், எல்லோரும் நானா என்று கூப்பிடுகிற முஸ்லிம் பெரியவர், "என்ன, யாரும் செத்துட்டாங்களா?" என்று எட்டிப் பார்த்தார். புஷ்பா மல்லாந்து கிடந்தபடி, "இல்ல நானா" என்றாள்.

சாயந்திரம் லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், பாயும் சாக்கும் விரித்துப் பிள்ளைகளையும் விழ வைத்தாள். அடுத்த வீட்டார் சுவரைத் தட்டினார்கள்.

திங்கட்கிழமை காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் கூடுகிற இடத்தில், கங்காணி வேலை பிரித்தபோது அவள் மலைக்கென்று பேர் கொடுத்தாள். என் பஸ் பதினொன்றுக்கு. சொல்லிக்கொண்டு போகலாம் என்று பத்து மணிக்கு மலையடிக்குப் போனேன். மழை விட்டிருந்தது, மண் சோப்புப் போல வழுக்கியது. அவள் மேலே ஐந்தாறு பெண்களோடு நின்று பறித்துக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்துத்தான் இருந்தது. பயம் போகவில்லை, எனக்குத் தெரிந்தது. என்னைப் பார்த்துவிட்டு இறங்கி வரத் திரும்பினாள். மழைத் தண்ணீர் ஓடுகிற கான் ஓரத்தில் கால் வழுக்கிவிட்டது.

நான் அலறிவிட்டேன். அவள் கை மேலே எழும்பியது, பாதியில் நின்றது, பிறகு இரண்டும் கீழே போய் மண்ணை ஓங்கி அடித்தன. கூடை கழன்று இரண்டு வரிசைச் செடி தாண்டி உருண்டு போனது. காலையிலிருந்து எடுத்த கொழுந்தெல்லாம் சரிவு முழுக்கச் சிதறிக் கிடந்தது.

"அய்யய்யோ, கொழுந்தெல்லாம் போச்சே" என்று மேலிருந்து கங்காணி கத்தினார்.

புஷ்பா எழுந்து உட்கார்ந்தாள். தோளை ஒரு தரம் அசைத்துப் பார்த்தாள். "போனாப் போவுதுங்க கங்காணி. நான் இருக்கேன்ல" என்றாள். மற்றப் பெண்கள் சிரித்துக்கொண்டே கொழுந்தைப் பொறுக்க இறங்கினார்கள். அவளும் சேர்ந்து பொறுக்கினாள். கூடையை மாட்டிக்கொண்டு, எனக்குக் கையசைத்துவிட்டு, மறுபடி மேலே ஏறினாள்.

கினிகத்தேனை இறக்கத்தில் ஜன்னலைத் திறந்து வைத்தேன். கொழும்பில் சண்டைக் கலை என்றால் எதிராளியைப் பற்றித்தான் பேசுவோம்: எங்கே அடிப்பது, எப்படித் தடுப்பது. நானும் அப்படித்தான் நினைத்துப் போனேன். இந்த மலையில் அவளுக்கு எதிராளியே இல்லை, ஈர மண்ணும் குளவியும்தான். அதற்கு எது உதவுமோ அதை அவளே தேர்ந்தெடுத்தாள். அவிசாவளையில் சிக்னல் கிடைத்ததும், பார்த்து வைத்திருந்த வீட்டு அம்மாவுக்குப் போன் பண்ணி ஆள் வரமாட்டாள் என்றேன். ஏன், வேறு இடம் கிடைத்துவிட்டதா என்று கேட்டார்.

"இல்லைங்க, அவ இடத்துக்கே போயிட்டா" என்றேன்.