போல்ட்டின் தப்பான பக்கம்

மிரெல்லா பெகொராரோவைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை என்று அவளே சொல்வாள். சொல்லட்டும். எங்கள் ஊர் மரோஸ்திகாவில் அவளோடு அதிகமாகச் சண்டை போட்டவன் நான்தான், அந்த உரிமையில் எழுதுகிறேன். என் பெயர் செவெரினோ. தபால் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றவன், சைக்கிள் சங்கத்துக்குச் செயலாளர், அவள் கணவன் லோரிஸுக்கு நாற்பது வருஷ நண்பன். கோபம் மூக்கு நுனியில் நிற்கும் ஆசாமி என்று ஊர் சொல்லும். பொய்யில்லை.

மிரெல்லா எங்கள் பக்கத்துச் சைக்கிள் உதிரிபாகத் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தாள். பின்சக்கரத்தின் அருகே தொங்கிக்கொண்டு, செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளிவிடுமே, டீரெய்லர், அது ஒவ்வொன்றும் அவள் மேஜையைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். பிடிக்காவிட்டால் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு. மேலதிகாரி வந்து கெஞ்சினாலும் போட்ட கோடு போட்டதுதான்.

வீட்டிலும் அதே கதைதான். லோரிஸ் ஒருமுறை சமையலறையில் பலகை அடித்துவிட்டுப் பெருமையாக நின்றான். நானும் அங்கே இருந்தேன். இவள் அளவுகோலைக் கொண்டுவந்து வைத்தாள்.

"நாலு மில்லி சாய்ஞ்சிருக்கு."

"அடியே, தட்டுதானே அடுக்கப்போற? ராக்கெட்டா விடப்போற?"

"தட்டுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்ல."

மறுபடி கழற்றி அடித்தான். சுவருக்குச் சுண்ணாம்பு பூசுவது அவன் தொழில். பெரிய உடம்பு, பெரிய குரல். ஞாயிறு காலை ஏழரைக்கு கில்தோவின் காப்பிக் கடை முன்னால் நாங்கள் பன்னிரண்டு பேர் கூடுவோம். ஆளுக்கொரு காப்பி, பிறகு ரொசினா மலை ஏற்றம், பகல் சாப்பாட்டுக்கு வீடு. மழை பெய்தால் காப்பி மட்டும்.

எங்கள் சங்கத்துக்கு ஒரு சட்டம் உண்டு. ஜப்பான் பாகம் ஒன்றாவது மாட்டிய வண்டி எங்கள் வரிசையில் வரக்கூடாது. ஐம்பது மீட்டர் பின்னால் தனியாக வரலாம். முன்னால் போகிறவர்கள் காற்றைத் தடுத்துத் தரும் மறைவு கிடையாது. ஜப்பான் சாமான் மட்டமா? யார் சொன்னது? அதுவல்ல விஷயம். பாதி ஊர் அந்தத் தொழிற்சாலைச் சம்பளத்தில்தான் பிள்ளை வளர்த்தது. மாமியார் சமையல் நன்றாகவே இருந்தாலும் பெற்ற தாயின் எதிரில் அதைச் சொல்வோமா?

இந்தச் சட்டத்தைச் சங்கப் புத்தகத்தில் தன் கையால் எழுதியவனே லோரிஸ்தான். பக்கத்து ஊர் பஸ்ஸானோவிலிருந்து ஒரு பல் டாக்டர் ஜப்பான் வண்டியோடு வந்து சேர்ந்தபோது, ஏற்றம் முழுக்கத் திரும்பித் திரும்பிப் பார்த்து, "ஐம்பது மீட்டர், டாக்டர்! அளந்து வாங்க!" என்று கத்தினான். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். பாவம், அந்த மனிதர் அடுத்த ஞாயிறு வரவில்லை.

போன வருஷம் நவம்பரில், சாப்பாட்டு மேஜையில் லோரிஸின் கையிலிருந்து கரண்டி விழுந்தது. வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. நாலு மாதத்தில் கால் திரும்பி வந்தது. விரல்கள் வந்தன. பேச்சு பருக்கை பருக்கையாக வந்தது. வலது கட்டைவிரல் மட்டும் வரவே இல்லை.

கட்டைவிரல்தானே என்று நினைக்கக்கூடாது. கைப்பிடியில் இருக்கும் எங்கள் ஊர் லிவரில் கியரை ஒரு பக்கம் மாற்ற விரல்கள் போதும். மறுபக்கம் மாற்ற, உள்பக்கம் இருக்கும் சின்னப் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். லோரிஸ் முற்றத்தில் ஒருநாள் ஏறிப் பார்த்தான். செயின் பெரிய பல்சக்கரத்துக்கு ஏறியது. திரும்பி இறங்கவில்லை. அழுத்துகிறான், அழுத்துகிறான், விரல் செத்த மீனாகக் கிடக்கிறது. வண்டியைக் கொட்டகையில் மாட்டிவிட்டுச் சமையலறை ஜன்னல் எதிரில் உட்கார்ந்தான். அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"சைக்கிள் ஓட்டலாம், ஓட்டணும். இப்படியே உட்கார்ந்தா வந்த காலும் போயிடும்" என்று மிரெல்லாவிடம் ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லிவிட்டார்.

அவள் என்னைச் சந்தையில் பிடித்தாள். "சாப்பிடறான், தூங்கறான், ஜன்னலைப் பார்க்கறான். பக்கத்து வீட்டுப் பூனைகூட இவனைவிட அதிகமா நடமாடுது. நீ ஏன் வர்றதில்ல?"

வேலை இருந்தது என்றேன். என்ன வேலை, ஓய்வு பெற்றவனுக்கு! பயம்தான். அந்தப் பெரிய குரல் ஒரு வார்த்தைக்குத் தவிப்பதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

ஜப்பான் லிவரில் இரண்டு பக்கமும் விரல்களாலேயே தள்ளலாம். கட்டைவிரலுக்கு வேலையே இல்லை. மிரெல்லா இதை லோரிஸிடம் சொன்னபோது மேஜையில் ஓங்கி அடித்தான்.

"செத்தாலும்... வேண்டாம்."

"முழு வண்டியும் மாத்தச் சொல்லல. லிவர் மட்டும். மத்ததெல்லாம் நம்ம ஊருதுதான்."

அவன் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாவிட்டால் கையெழுத்துப் போட்டதாக மிரெல்லா எடுத்துக்கொள்வாள். பஸ்ஸானோவுக்குப் பஸ் ஏறினாள். யாரிடம் போனாள் தெரியுமா? அதே பல் டாக்டரிடம். அவர் கொட்டகையில் பழைய லிவர் ஜோடி ஒன்று கிடந்தது. சிரிக்காமல் எடுத்துக் கொடுத்தாராம். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் சிரித்திருப்பேன்.

சமையலறை மேஜையில் துணி விரித்து மாட்டினாள். முதல் நாலு கியர் ஒழுங்காக விழுந்தது. ஐந்தாவது இருமியது. ஏழாவதில் செயின் இரண்டு பல்சக்கரத்துக்கும் நடுவில் நின்று கரகரவென்று அழுதது. லிவரிலிருந்து டீரெய்லருக்குப் போகும் கேபிளை இறுக்கினாள், தளர்த்தினாள். மேலே சரியானால் கீழே கெட்டது. மயிரிழையையும் காட்டும் வெர்னியர் அளவுகோலை எடுத்து அளந்தாள். ஜப்பான் லிவரை ஒரு தட்டுத் தட்டினால் அது இழுக்கும் கேபிள், எங்கள் டீரெய்லர் எதிர்பார்ப்பதைவிட மயிரிழை அதிகம். ஒரு தட்டுக்கு மயிரிழை என்றால் ஒன்றுமில்லை. பத்துத் தட்டு போனால் செயின் மூன்று மில்லி தள்ளிப்போய் நிற்கிறது.

எனக்குப் போன் செய்து சொன்னாள். நான் என்ன செய்திருக்க வேண்டும்? வண்டியைப் பார்க்க ஓடியிருக்க வேண்டும். என் வாய் இருக்கிறதே! "எண்ணெயும் தண்ணியும் ஒட்டுமா மிரெல்லா? நம்ம சாமானுக்கே ரோஷம் வந்திருக்கு" என்றேன்.

"பல் வலின்னு சொன்னியே, இன்னும் இருக்கா?"

"இருக்கு."

"நல்லா வலிக்கட்டும்." போனை வைத்துவிட்டாள்.

எட்டு நாள் அந்த மேஜையில் சாப்பாடு வைக்க இடமில்லை. இருவரும் மடியில் தட்டு வைத்துப் பொலெண்டா, அதுதான் எங்கள் மக்காச்சோளக் களி, சாப்பிட்டார்கள். ஒன்பதாம் நாள் கீரை கழுவிக்கொண்டிருந்தவளுக்குத் தொழிற்சாலைப் பெண்கள் ஞாபகம் வந்தது. சோதனைக்காக ஒவ்வொரு டீரெய்லரிலும் கேபிள் கட்டி ஓட்டிப் பார்ப்பார்கள். புதிதாக வரும் பெண்கள் எல்லோரும் ஒரே தப்பைச் செய்வார்கள்: கேபிளைப் போல்ட்டின் உள்பக்கம் கட்டாமல் வெளிப்பக்கம் கட்டிவிடுவார்கள். நெம்புகோல் கொஞ்சம் நீண்டது மாதிரி ஆகிவிடும். எவ்வளவு இழுத்தாலும் டீரெய்லர் கொஞ்சம் குறைவாகவே நகரும். "சோம்பேறி" என்று அதற்குப் பெயர் வைத்து, ஆயிரக்கணக்கில் சிவப்புக் கோடு போட்டிருக்கிறாள். திட்டு வாங்கி அழுத பெண்கள் எத்தனையோ.

இங்கே லிவர் அதிகமாக இழுக்கிறது. அப்படியானால் சோம்பேறிதானே வேண்டும்!

ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு ஓடினாள். போல்ட்டைத் தளர்த்தி, கேபிளைத் தப்பான பக்கம் கொண்டுபோய் இறுக்கினாள். பெடலைச் சுற்றினாள். ஒன்று, இரண்டு, ஐந்து, ஏழு... பதினொன்றும் வரிசையாக விழுந்தன. திரும்பவும் வரிசையாக ஏறின.

"முப்பத்தொரு வருஷம் எதுக்குக் கோடு போட்டேனோ, அதையே என் கையால செஞ்சேன்" என்று பிறகு ஒருநாள் என்னிடம் சொன்னாள். "பாவம் பண்ற மாதிரி இருந்துச்சு, செவெரினோ."

வண்டியை ஜன்னல் பக்கம், லோரிஸ் கண்ணில் படும்படி சாய்த்து வைத்தாள். ஓட்டு என்று சொல்லவில்லை. மூன்று நாள் அவன் அதைச் சுற்றிக்கொண்டு நடந்து போனான். நாலாம் நாள் அவள் நிலவறையில் உருளைக்கிழங்கு எடுத்துக்கொண்டிருந்தபோது மேலே டிக் என்றது. பிறகு இன்னொரு டிக். பத்து வரை எண்ணினாள். சத்தம் நிற்கும்வரை கிழங்குக் கூடையோடு படிக்கட்டிலேயே நின்றாளாம்.

இதோடு கதை முடிந்திருந்தால் எனக்கும் நல்லது. லோரிஸ் ஓட்ட ஆரம்பித்தான். எப்படி? விடிகிற நேரத்தில், ப்ரெந்தா ஆற்றங்கரைப் பாதையில், ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. எதிரில் யாராவது வந்தால் நிறுத்தி, மேல்சட்டையைக் கழற்றி லிவர் மேல் போட்டு மூடிவிடுவான். மிரெல்லாவுக்கு இதைத் தாங்க முடியவில்லை. வியாழக்கிழமை கில்தோவின் கடையில் நடந்த சங்கக் கூட்டத்துக்கு நேராக வந்துவிட்டாள். உட்காரவில்லை.

"ஞாயித்துக்கிழமை லோரிஸ் உங்களோட வரணும்."

"வரட்டுமே, யாரு வேண்டாம்னா?" என்றேன் நான்.

"வண்டில ஜப்பான் லிவர் மாட்டியிருக்கேன்."

கில்தோ கோப்பை துடைப்பதை நிறுத்தினான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானோ புத்தகத்தைத் தட்டி, "சட்டம் இருக்கே மிரெல்லா. எழுதினதே அவன்தான். ஐம்பது மீட்டர் பின்னால தாராளமா வரட்டும்" என்றேன். நியாயஸ்தன் என்று என்னையே மெச்சிக்கொண்டேன் அந்த நிமிஷம். வெட்கக்கேடு!

"பாதி உடம்பு செத்துப் பொழைச்ச மனுஷன், ரொசினா ஏத்தத்துல, எதிர்காத்துல, தனியா. ரொம்ப நல்ல சட்டம்." அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீ மட்டும் என் மேஜைக்கு வந்திருந்தா, கோடு போட்டிருக்க மாட்டேன் செவெரினோ. நேரா குப்பையில போட்டிருப்பேன்."

போய்விட்டாள். மூன்று நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் வாயைத் திறந்து சட்டத்தை மாற்றுவோம் என்று யாரிடமும் சொல்லவில்லை. வீம்பு.

ஞாயிறு ஏழரைக்குக் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். சதுக்கத்தின் மூலையிலிருந்து லோரிஸ் வந்தான். மெலிந்திருந்தான். லிவர் மேல் சட்டை இல்லை, மூடல் இல்லை. முகத்தின் ஒரு பாதியால் சிரித்துக்கொண்டு வந்தான். பின்னால் தூரத்தில் மிரெல்லா, வளைவுத் தூண் ஓரமாக நின்றாள். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள் என்று அவனிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாள் என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது. வாழ்நாளில் அரை மில்லி பொய் சொல்லாத பெண்.

கசாப்புக் கடை ருஜ்ஜேரோவுக்கு வாய்க்குப் பூட்டு கிடையாது. "ஏய் லோரிஸ், கையில என்னடா அது? ஐம்பது மீட்டர், ஐம்பது மீட்டர்!" என்று கத்தினான். பழைய கேலிதான். கெட்ட எண்ணம் இல்லை.

லோரிஸின் சிரிப்பு நின்றது. திரும்பி மிரெல்லாவைப் பார்த்தான். அவள் தலை குனிந்தாள். மிரெல்லா தலை குனிந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பினான். போனால் அவ்வளவுதான், மறுபடி அந்த ஜன்னல்தான், எங்கள் எல்லோருக்கும் அது தெரியும். இருந்தும் மரம் மாதிரி நின்றோம்.

இரண்டடி போனவன் நின்றான். வண்டியைத் தள்ளிக்கொண்டு நேரே என்னிடம் வந்தான். உதடு கோணியது. வார்த்தைக்காக அவன் படும் பாடு தெரிந்தது. இந்தமுறை நான் வேறு பக்கம் பார்க்கவில்லை.

"கை... ஜப்பான்" என்றான், லிவரைத் தொட்டு. பின்சக்கரத்தைக் காட்டினான். "அது... நம்மூரு. ரெண்டையும்... சேர்த்தது..." மூச்சு வாங்கினான். "மிரெல்லா. எதை... கழட்டணும்? நீ... சொல்லு."

நோயில் விழுந்த பிறகு அவன் பேசிய மிக நீளமான பேச்சு அது. ருஜ்ஜேரோ தொப்பியை எடுத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தான். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அழுதேன், மறைக்கவில்லை.

"ஒண்ணையும் கழட்ட வேண்டாம்டா" என்றேன். "நீ நடுவுல வா."

அவனை நடுவில் விட்டுக்கொண்டு புறப்பட்டோம். தூணோரம் நின்றவளைக் கடக்கும்போது நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"பேசாதே, முன்னால பார்த்து ஓட்டு" என்றாள். அவள் கன்னமெல்லாம் ஈரம்.

ஏற்றத்தில் எதிர்காற்று பலமாக இருந்தது. ஒரு டிராக்டர்கூட எங்களைத் தாண்டிப் போனது. உச்சிவரைக்கும் நான் முன்வரிசையை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.