சேஷி ராஜாவும் செவனம்மாவின் பெயரும்

நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நான் இரண்டாவது கிளாக்கராகச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. தோட்டத்து வெள்ளைக்காரத் துரை தன் கைப்பட எழுதிய பதினான்கு பக்கக் கட்டுரை ஒன்றை என் மேசையில் வைத்து, டைப் பண்ணச் சொல்லிவிட்டுப் போனார். முதல் வரியிலேயே 'சேஷி' என்று ஒரு பெயர். நம் ஆள் யாரோ என்று நினைத்து, தொழிலாளர் பெயர்ப் பதிவான செக்ரோலைப் புரட்டினேன்.

பெரிய கிளாக்கர் நிமிர்ந்து பார்த்தார். "தம்பி, அது எகிப்து ராஜா. செத்து மூவாயிரத்தைந்நூறு வருசத்துக்கு மேல ஆச்சு. நம்ம பெரட்டு ஆளுங்கள்ல தேடாத."

துரை யுத்தகாலத்தில் எகிப்தில் இருந்தவர். வண்டு வடிவத்தில் சின்னச் சின்ன முத்திரைகள் நூற்றுக்கணக்கில் கிடைத்திருக்கின்றனவாம். சிலவற்றில் 'சேஷி', சிலவற்றில் 'மாஇப்ரே'. இரண்டும் ஒரே ராஜா என்று துரை வாதாடியிருந்தார். ஆனால் ராஜாவுக்குக் கல்லறை இல்லை, கோயில் இல்லை. ராஜாக்களின் பழைய பட்டியல் கிழிந்துபோனது. மிச்சமிருக்கும் துண்டுகளில் அவர் பெயரைக் காணோம். எத்தனை வருஷம் ஆண்டார் என்பதிலும் ஆளுக்கொரு கணக்கு. ஒன்பதாம் பக்கம் வந்தபோது எனக்குத் தலை சுற்றியது. துரையிடமே கேட்டேன்: "ராஜா இருந்தாரா இல்லையா, சார்?"

துரை தோட்டத் தமிழில் சொன்னார்: "ராஜா இருந்துச்சு. பொஸ்தகம் காணலே."

அந்த வாரம்தான் செவனம்மா ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தார். கொழுந்து எடுக்கிறவர், குடியுரிமைக்கு மனுப் போட்டிருந்தார். இத்தனை வருஷம் இடைவிடாமல் இந்த நாட்டில் இருந்ததாக நிரூபித்தால்தான் அது கிடைக்கும். அவர் இடைவிடாமல் தோட்டத்தில் இருந்தாரா என்று குடியுரிமை ஆபீஸிலிருந்து கேட்டுவந்த கடிதத்துக்கு நான்தான் பதில் டைப் பண்ணியிருந்தேன். சில வருஷத்து செக்ரோலில் அவர் பெயர் இல்லை. ஆகவே, 'அந்த வருஷங்களில் இங்கே இல்லை' என்று எழுதியிருந்தேன். துரை கையெழுத்துப் போட்டிருந்தார்.

"நான் இங்க இல்லைன்னு எழுதிட்டீங்களாம், ஐயா. அப்ப என் மலையில கொழுந்து எடுத்தது யாருங்க?"

"புத்தகத்துல பேர் இல்லம்மா."

"பேரு இல்லைன்னா ஆளு இல்லைங்களா?"

 செக்ரோலை மறுபடி பார்த்தேன். அதே வருஷங்களில் 'செவனி' என்று ஒருத்தி இருந்தாள். கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவின் புத்தகத்தில் 'செவனி மகன் ராமு'. மருந்துக்காரர் புத்தகத்தில் 'சிவனம்மாள், பத்தாம் லயம்'. செவனம்மாவின் மகன் பெயரும் ராமுதான், அவர் குடியிருப்பதும் பத்தாம் லயத்தில்தான். மூன்றையும் துரையிடம் கொண்டுபோனேன்.

"மூணு பொம்பளே இருக்கலாம்," என்றார் துரை.

"சேஷிக்கும் ரெண்டு பேர் இருக்கு, சார். நீங்க ஒரே ராஜான்னு எழுதியிருக்கீங்க."

 வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். துரை என்னைப் பார்த்தார். "அது வேறே," என்றார். வெகுநேரம் மூன்று புத்தகங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவை எடுத்து, மூவரும் ஒருவரே என்று தான் நம்புவதாகத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார்.

ஹட்டனில் விசாரணை நடந்தது. நானும் போயிருந்தேன். அதிகாரி கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். "நம்புகிறேன் என்றால் தெரியும் என்று அர்த்தமா?" என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் என்னிடம் கேட்டார். என்ன சொன்னேன் என்று இன்றைக்கு நினைவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் கழித்து செவனம்மாவுக்குக் குடியுரிமை கிடைத்தது. துரையின் கட்டுரையோ, சான்று போதாது என்று லண்டனிலிருந்து திரும்பி வந்துவிட்டது.

ஆபீஸ் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். புத்தகத்தில் பெயர் இல்லையென்றால் 'இந்தப் புத்தகத்தில் இல்லை' என்று மட்டும் எழுதுங்கள். ஆளே இல்லை என்று எழுத நமக்கு அதிகாரமில்லை.

இதற்கு மேல் எனக்குத் தெரியாது. செவனம்மாவின் அக்காளும் மனுப் போட்டிருந்தார். எல்லாப் புத்தகத்திலும் ஒரே பெயர், ஒரு வருஷம்கூட விடுபடவில்லை. அவருடைய கடிதத்தையும் நான்தான் டைப் பண்ணினேன். காரணம் எதுவும் சொல்லாமல் அவர் மனுவை நிராகரித்துவிட்டார்கள்.